ஒளி சொல்லாததை ஈர்ப்பலை சொல்லுமா?

பேரண்டம் தோன்றி ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் முதல் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளை எந்தத் தொலைநோக்கியாலும் காண இயலாது. அக்காலத்தில் வெளியெங்கும் தகிக்கும் துகள்கள் நிறைந்திருந்தன. புகைமூட்டத்தில் சிக்கிய விளக்கொளி போல ஒளி அவற்றினிடையே சிதறிக்கொண்டே இருந்தது. அப்படியானால் அந்தக் காலத்து வரலாற்றை யாரிடம் கேட்பது, நேயர்களே?

ஈர்ப்பலைகளிடம் கேட்கலாம் என்கின்றனர் இயற்பியலாளர்கள். காலவெளியில் எழும் அதிர்வே ஈர்ப்பலை. புகைமூட்டம் ஒளியை மறைக்கும், ஈர்ப்பலையை மறைக்காது. 1916இல் ஐன்ஸ்டைன் இதனை முன்னறிவித்தார். 1936இல் அவரே, இத்தகைய அலைகள் இல்லை என்று கட்டுரை எழுதினார், பின்னர் திருத்திக்கொண்டார். 2015 செப்டம்பர் 14ஆம் நாள், இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தபோது எழுந்த அலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலில் பதிவு செய்தன. அப்போது ஐன்ஸ்டைன் மறைந்து 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, கருந்துளைகளே இல்லாத ஆதிகாலத்தில் அலையை எழுப்பியது எது? அடுப்பில் நீர் கொதிக்கும்போது குமிழிகள் தோன்றுகின்றன அல்லவா? பேரண்டம் குளிர்ந்தபோதும் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் குமிழிகள் தோன்றிப் பெருகியிருக்கலாம். அவை ஒன்றோடொன்று மோதினால் ஈர்ப்பலைகள் எழும் என்று 1984இல் எட்வர்ட் விட்டன் சுட்டிக்காட்டினார்.

ஆனால் 1996இல் வெளிவந்த கணினிக் கணக்கீடு வேறு கதை சொன்னது. ஹிக்ஸ் துகள் கனமானதாக இருந்தால் குமிழிகள் தோன்றா. இளகிய வெண்ணெய் இறுகுவது போல மாற்றம் மெல்ல நடந்து முடிந்துவிடும் என்றது. 2012இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் கனமாகவே இருந்தது!

நம்பிக்கை அத்தோடு முடிந்துவிடவில்லை. பேரண்டப் பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு நம் கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள். அதற்கெனத் தனித் துகள்களும் தனி விசைகளும் இருக்கலாம். அந்த மறைவுலகிலும் குமிழிகள் வெடித்து மோதியிருக்கலாம். அங்கிருந்து ஒளி வராது. ஆயினும் ஈர்ப்பு இரு உலகங்களுக்கும் பொது. எனவே மறைவுலகம் தன் வரலாற்றை நமக்குச் சொல்ல எஞ்சியிருக்கும் ஒரே வழி ஈர்ப்பலையாகவும் இருக்கக்கூடும்.

2023 ஜூன் மாதத்தில், பல்சார் விண்மீன்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்த அமெரிக்க, ஐரோப்பிய, இந்திய, ஆஸ்திரேலிய, சீன ஆய்வாளர்கள், வானெங்கும் மிக மெதுவான ஈர்ப்பலைகள் பரவியிருப்பதற்குச் சான்று கிடைத்துள்ளதாக அறிவித்தனர். அவை மாபெரும் கருந்துளை இணைகளிலிருந்து வருகின்றன என்பதே பெரும்பாலோர் கருத்து. மறைவுலகக் குமிழிகளும் காரணமாக இருக்கலாம் என்பதை இன்னும் எவரும் தள்ளிவிடவில்லை.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் லிசா திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கியது. 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மிதக்கவிருக்கும் மூன்று விண்கலங்களை 2035இல் ஏவத் திட்டமிட்டுள்ளனர். இன்று இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் அப்போது ஆய்வாளர்களாகும் வயதில் இருப்பார்கள். லிசா அனுப்பும் செய்தியைப் படித்துப் பொருள் சொல்வோர் வரிசையில் அவர்களும் இருக்க வேண்டாமா?