அரையணாவும் அஞ்சு கிலோமீட்டரும்

போன மாதம் ஒரு பத்திர நகலை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பலாம் என்று தபாலாபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "ரிஜிஸ்தர் இப்போ தனியா கிடையாது சார், ஸ்பீடு போஸ்ட்தான். வேணும்னா அதுலயே பதிவையும் சேர்த்துக்கலாம்" என்றார். 2025 செப்டம்பர் 1 முதல் இப்படி இணைத்துவிட்டார்கள். பேப்பரில் படித்த விஷயம்தான். எனக்கு அது அதிர்ச்சி இல்லை. அடுத்து அவர் கேட்டதுதான் மனதில் தங்கிவிட்டது. கவரைத் தராசில் வைத்துவிட்டு, "எந்த ஊருக்கு சார்?" என்றார். ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில் எடையோடு தூரத்துக்கும் கணக்கு உண்டு.

நான் தபால் இலாகாவில் சேர்ந்த காலத்தில், கடிதத்துக்கு எத்தனை ஸ்டாம்பு என்று சொல்ல ஊர்ப் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. எடை தெரிந்தால் போதும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தபாலின் சரித்திரமே இதில்தான் இருக்கிறது.

1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவில் ஜி.பி.ஓ. ஏற்பட்டு, பொதுமக்களும் காசு கொடுத்துக் கடிதம் அனுப்பலாம் என்று ஆனபோது, கட்டணம் 100 மைலுக்கு 2 அணா. சென்னைக்கு ஜி.பி.ஓ. 1786-ல் வந்தது. (கடற்கரைச் சாலையில் நாம் பார்க்கிற சிவப்புக் கட்டடம் சிஷோல்ம் வடிவமைத்தது, அது 1884-ல்தான் திறக்கப்பட்டது.) தபால் போனது மனிதர்களின் காலில். கையில் சலங்கை கட்டிய ஈட்டி, தோளில் பை, ராத்திரியானால் தீவட்டி. ஒருவர் ஓடி அடுத்தவரிடம் கொடுக்க, அவர் அடுத்த கட்டம் ஓடுவார். எத்தனை கட்டமோ அத்தனை கூலி என்பது அன்றைய நியாயம். 1837-ல் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய்! சாதாரண ஜனம் கடிதம் எழுதுகிற பேச்சுக்கே இடமில்லை.

அதே 1837-ல் இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்பவர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். தபாலுக்கு ஆகிற செலவைப் பிரித்துப் பார்த்து அவர் கண்டுபிடித்தது இதுதான்: கடிதத்தை வாங்குவது, பிரிப்பது, வீடு தேடிக் கொடுப்பது இவற்றுக்குத்தான் பெரும்பகுதி செலவு. வழியில் தூக்கிக்கொண்டு போகிற செலவு, ஒரு மூட்டையிலுள்ள அத்தனை கடிதங்களுக்கும் பங்கு போட்டால் ஒன்றுமே இல்லை. அப்படியானால் தூரத்துக்கு எதற்குக் காசு? இந்தக் கேள்வியிலிருந்துதான் 1840-ல் அங்கே ஒரு பென்னித் தபால் வந்தது.

இந்தியாவில் 1850-ல் மூன்று மாகாணங்களுக்கும் ஆளுக்கொருவராக மூன்று பேர் கொண்ட கமிஷன் அமைந்தது. அதன் யோசனைப்படி, டல்ஹௌசி காலத்தில், 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம். கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா. அடுத்த தெருவானாலும் சரி, பெஷாவரானாலும் சரி, அரையணாதான். பம்பாய்க்கு ஒரு ரூபாய் ஆன ஒரு தோலாக் கடிதம் இரண்டணாவுக்கு இறங்கியது. முன்பணம் கட்டியதற்கு அடையாளமாக விக்டோரியா தலை போட்ட ஸ்டாம்பு வந்தது. ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவர் இரட்டிப்புக் கொடுக்க வேண்டும். நம்முடைய 'நாட் பெய்டு' அங்கே ஆரம்பித்ததுதான்.

இதற்குள் இருக்கிற தர்மத்தைப் பாருங்கள். பட்டணத்துக் கடிதங்களில் மிஞ்சுகிற காசில் பட்டிக்காட்டுக் கடிதம் போய்ச் சேருகிறது. 1879-ல் காலணாவுக்குக் கார்டு, 1880-ல் மணியார்டர், 1882-ல் சேமிப்பு வங்கி என்று பிறகு வந்த எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் எழும்பியவைதான். 1947-ல் 23,344 தபாலாபீஸ்கள் இருந்தன. இன்று ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது கிராமத்தில். பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பகுதி நேரமாக, தன் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ நடத்துகிற கிளை அஞ்சலகங்கள்.

இவை லாபம் தராது என்று இலாகாவுக்கும் தெரியும். அதனால்தான் கிளை அஞ்சலகத்துக்கு விதியே வேறு. சமவெளிக் கிராமமானால் ஆகிற செலவில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் வந்தால் போதும். மலைப்பகுதி, பின்தங்கிய பகுதியானால் நூற்றுக்குப் பதினைந்தே போதும். மீதி நஷ்டத்தை இலாகா தாங்கும். வெள்ளைக்காரன் அரையணாவில் ஆரம்பித்த தர்மம் நம் விதிப் புத்தகத்தில் இப்படித் தொடர்ந்தது.

இனிமேல் சொல்வது இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லாதது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சப்-டிவிஷனில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கிளை அஞ்சலகத்தின் வருமானத்தைக் கணக்கெடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மிதிவண்டியில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்தார். நடவுக்கூலி முடிச்சைப் பிரித்துப் பத்து ரூபாயும் பாஸ் புத்தகமும் எடுத்து வைத்தார். போஸ்ட் மாஸ்டர் முத்திரை குத்தியதும் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "தம்பி, எவ்வளவு சேர்ந்திருக்கு, நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்றார். நானூற்றுச் சொச்சம். பேத்தி கல்யாணத்துக்காம்.

எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. கொஞ்சம்தான் குறைவு. உள்ளதை உள்ளபடி எழுதினேன். பொய் எழுதியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அறிக்கையில் 'குறிப்புரை' என்று ஓர் இடம் இருந்தது. ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய ஊர், பாங்கு கிடையாது, பெண்கள் கூலியைப் போட்டு வைப்பது இங்கேதான் என்று நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அன்று இன்னும் இரண்டு ஆபீஸ் பார்க்க வேண்டியிருந்தது.

ஏழெட்டு மாதத்தில் அந்த ஆபீசை அஞ்சு கிலோமீட்டர் தள்ளி வேறொரு கிராமத்துக்கு மாற்றினார்கள். கடிதப் பட்டுவாடா நிற்கவில்லை, தபால்காரர் சைக்கிளில் வந்துபோனார். பணம் போடவும் எடுக்கவும்தான் அஞ்சு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடுத்த வருஷம் புது இடத்துக்குச் சோதனைக்குப் போனபோது, கூடவே மாறிவந்திருந்த அதே போஸ்ட் மாஸ்டரிடம் அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தேன். "மொத்தத்தையும் எடுத்துட்டாங்க சார். அப்பறம் புஸ்தகத்தைக் கொண்டுவரவே இல்ல" என்றார்.

அரையணாக் கட்டணம் தூரத்தை ஒழித்தது என்று படித்துப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவன் நான். அந்த அம்மாவுக்கு அஞ்சு கிலோமீட்டர் தூரத்தை நானே உண்டாக்கினேன்.

1898-ஆம் வருஷச் சட்டம் போய் 2023-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமை இப்போது இலாகாவுக்கு இல்லை. லாபமுள்ள பட்டணத்தில் கூரியர் ஓடும். ஆற்றங்கரைக்கு இலாகாதான் போக வேண்டும். நஷ்டம் நஷ்டம் என்று பேசுகிறவர்கள், அந்த நஷ்டம் யாருக்காக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நல்லது. நான் எழுதாமல் விட்ட குறிப்புரை அதுதான்.

அன்று கவுண்டரைவிட்டு வருமுன் அஞ்சு ரூபாய் ஸ்டாம்பு பத்து வாங்கிக்கொண்டேன். 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு இன்றும் அதே அஞ்சு ரூபாய்தான், கும்பகோணத்துக்கும் சரி, காஷ்மீருக்கும் சரி. அந்தப் பெண் இந்தத் தடவை எந்த ஊர் என்று கேட்கவில்லை.