காவிரிப் படுகையில் குப்பை அள்ளுவோரும் அவர்கள் கூலியும்

காவிரிப் படுகையின் ஊர்களில் தெருவைக் கூட்டியவர்களுக்கும் செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்களுக்கும் நெடுங்காலம் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பணமானது. சில தலைமுறைகளுக்கு நகராட்சியின் மாதச் சம்பளமாக நிலைத்தது. இன்று பெரும்பாலோருக்கு ஒப்பந்தக்காரர் வழியாக வரும் நாள்கூலி. கூலியின் வடிவம் இத்தனை முறை மாறியும், அந்த வேலையைச் செய்யும் சாதிகள் ஏறக்குறைய மாறவே இல்லை. படுகையின் துப்புரவு வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்து வைத்தே படிக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டு, கோயில் பணியாளர்களைப் பட்டியலிட்டு அவரவருக்கான பங்கைக் குறிக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரோடு, விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர் எனப் பலருக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. அதே கோயிலின் பிற கல்வெட்டுகள், நிலவரி நீக்கப்பட்ட இடங்களைச் சொல்லும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. ஊரின் அழுக்கைச் சுமந்தவர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தார்கள் என்பதற்குப் பத்து நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்துச் சான்று இது. கோயிலுக்குள் அலகிடுதலும் மெழுகுதலும் திருப்பணி. 7ஆம் நூற்றாண்டில் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கிய அப்பர், படுகையிலுள்ள திருப்புகலூரில் முத்தி பெற்றதாகச் சைவ மரபு போற்றுகிறது. மதிலுக்கு உள்ளே தொண்டு எனப்பட்ட வேலை, மதிலுக்கு வெளியே பிறப்பின் பேரால் சுமத்தப்பட்ட கடமையாயிற்று. இந்த முரண் படுகையில் கடைசிவரை தீரவில்லை.

கிராமங்களில் வெட்டியான், தோட்டி, தலையாரி ஆகியோர் ஊர்ப் பணியாளர்கள். பிணம் எரிப்பது, இறந்த கால்நடையை அகற்றுவது, செய்தி சொல்வது, வாய்க்காலைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. அறுவடை முடிந்து களத்தில் நெல் தூற்றியதும், மிராசுதாரர் வீட்டுக்கு மூட்டை போகுமுன் அவர்களுக்கான பங்கு அளக்கப்படும். இதற்குச் சுதந்திரம் என்று பெயர். சில ஊர்களில் சிறு மானிய நிலமும் இருந்தது. விளைந்தால்தான் கூலி, ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் அதுவும் இல்லை. 1864ஆம் ஆண்டின் கிராம வரிச் சட்டம் ஊர்ப் பணியாளர்களின் நெல் பங்கைப் பணச் சம்பளமாக மாற்ற வழி செய்தது. ஆயினும் நல்லது கெட்டதுக்கு வீட்டு வாசலில் நின்று படி வாங்கும் வழக்கம் அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது.

நெல் வயல்கள் சூழ்ந்த இந்த மண்ணில் கிராமத்துக் குப்பைக்கு விலை இருந்தது. சாணம், சாம்பல், வைக்கோல் கழிவு, அடுப்படிக் கழிவு எல்லாம் கொல்லையிலுள்ள குப்பைக்குழியில் சேரும். சித்திரை வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும்போது மாட்டுவண்டியில் ஏற்றி வயலில் கொட்டிக் கலைப்பார்கள். குப்பையடிப்பது பண்ணையாளின் ஆண்டு வேலைகளில் ஒன்று. அதற்கென்று தனிக் கூலி கிடையாது. பொருளுக்கு மதிப்பு இருந்தும் அதைச் சுமந்தவருக்கு மதிப்பில்லை என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

நகரங்களின் நிலை வேறு. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) தஞ்சைக் கோட்டைக்குள் நிலத்தடி வடிகால்களை அமைத்தார். செவ்வப்பன் ஏரியிலிருந்து ஜலசூத்திரக் குழாய்கள் வழியே சிவகங்கைக் குளத்துக்கு நீர் வந்த ஊரில், வடிகாலுக்கும் அதே அக்கறை காட்டப்பட்டது. ஆனால் முறையான துப்புரவுப் பணியாளர் படை உருவானது 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதன்படி 1866இல் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் ஆகிய ஐந்து ஊர்களும் நகராட்சிகளாயின. காலரா அஞ்சப்பட்ட காலம் அது. மகாமகம், துலா நீராடல் போன்ற திருவிழாக்களுக்குக் கூடும் கூட்டம் ஆற்றையும் குளத்தையும் நம்பியே இருந்ததால், ஊரைச் சுத்தமாக வைப்பது நகராட்சிகளின் முதல் வேலையாயிற்று.

அந்த வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? ஏற்கெனவே சேரிகளில் இருந்தவர்களிடமிருந்தும், பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தெலுங்கு பேசும் அருந்ததியர் போன்றோரிடமிருந்தும் வந்தார்கள். சட்டப் புத்தகத்தில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. வேலைக்கு எடுத்தது மட்டும் சாதி பார்த்துத்தான். ஆண்கள் சாக்கடை தள்ளினார்கள், வண்டி ஓட்டினார்கள். பெண்கள் தெரு கூட்டினார்கள், எடுப்புக் கக்கூஸில் மலம் அள்ளினார்கள். அக்கிரகார வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும். பின்சந்து வழியாகத்தான் அவர்கள் உள்ளே வர வேண்டும். தகரமும் துடைப்பமும் சாம்பலுமே கருவிகள். நகராட்சிச் சம்பளம் சிறிது. வீட்டுக்காரர்கள் கொடுக்கும் மீந்த சோறும், பொங்கல், தீபாவளிக்குக் கிடைக்கும் பழந்துணியும் காசும் மீதியை நிரப்பின. சோறாக வந்த அந்தப் பகுதி, அவர்களைச் சம்பளக்காரர் என்ற நிலைக்கு வரவிடாமல் கொல்லைப்புறத்தோடு கட்டிப்போட்டது.

1940களிலிருந்து நகரக் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகக் குழியிலிட்டு மட்கச் செய்யும் கம்போஸ்ட் முறை நகராட்சிகளில் பரப்பப்பட்டது. நெல் விவசாயிகள் வாங்கினார்கள், நகராட்சிக்கு வருமானம் வந்தது. குழியில் இறங்கிக் கிளறியவருக்கு அதில் பங்கு வரவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளே இந்த வேலையின் கூலி வரலாற்றில் சற்று வெளிச்சமானவை. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. பணி நிரந்தரமானவருக்கு ஊதியக் குழுவின் காலமுறை ஊதியம், அகவிலைப்படி, ஓய்வூதியம் ஆகியன கிடைத்தன. பணியில் இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது இந்தச் சம்பளத்தால்தான். வாரிசு வேலை மட்டும் இருபக்கமும் கூரான உரிமை: குடும்பம் பட்டினி கிடக்காமல் காத்தது, அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையின் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தது.

எடுப்புக் கக்கூஸ் ஒழிய வெகுகாலம் பிடித்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. சாக்கடைக் குழிக்குள் இறக்குவதையும் சேர்த்துத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இடையில் படுகையின் நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. மலக்கூடை தலையிலிருந்து இறங்கியது; அடைப்பெடுக்கும் வேலையும் ஆள்நுழைவுக் குழியின் நச்சுவாயுவும் அதே மக்களின் பங்காயின.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாநிலத்தின் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் லாரிகளில் கொண்டுவரப்பட்டார்கள். இடிபாடுகளிலிருந்தும் முள்காட்டிலிருந்தும் உடல்களை எடுத்து அடக்கம் செய்தது பெரும்பாலும் அவர்களே. முதல் நாட்களில் போதிய கையுறையும் முகமூடியும் இருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் படுகையைப் புரட்டியபோதும் மரக்கிளையையும் சேற்றையும் அகற்ற வெளியூர்ப் பணியாளர்கள் வந்தார்கள். பேரிடரில் முதலில் அழைக்கப்படும் இந்தப் படைக்கு, ஊதியத்தைப் பொறுத்தவரை அந்த முதலிடம் ஒருபோதும் கிடைத்ததில்லை.

2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்த அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானது. அதைவிடப் பெரிய மாற்றம், காலியான நிரந்தர இடங்களை நிரப்பாமல் சுய உதவிக் குழுக்களிடமும் ஒப்பந்த நிறுவனங்களிடமும் பணியை விட்டது. 2022இல் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளில் இந்தப் போக்கை உறுதி செய்தது. தஞ்சாவூர் 2014இலும் கும்பகோணம் 2021இலும் மாநகராட்சிகளாகிவிட்டதால் இது படுகையையும் நேராகத் தொடுகிறது. 2017இல் திருத்தப்பட்ட மாநில ஊதிய விகிதத்தில் கடைநிலைப் பணியாளரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 15,700 ரூபாய், படிகள் தனி. அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து அரசாணை 62 வெளியானது. அந்தக் கூலியைக் கொடுங்கள் என்பதே இன்றுவரை தொழிற்சங்கங்களின் முதல் கோரிக்கை. பிடித்தம் செய்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லை என்ற புகாரும் ஓயவில்லை. 2025 ஆகஸ்ட்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் பணியாளர்கள், மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றுவந்த வேலை தனியாருக்குப் போனால் கூலி குறையும் என்று பதின்மூன்று நாள் போராடினார்கள். ஒப்பந்தக் கூலியில் உழைக்கும் படுகை நகரப் பணியாளர்களின் கவலையும் அதுவே.

கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களின் நிலை இன்னும் கீழே. பெரும்பாலும் பெண்கள். அவர்களது மாத மதிப்பூதியம் 2021இல் 2,600 ரூபாயிலிருந்து 3,600 ஆகவும், பிறகு 2023இல் 5,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. நிரந்தரப் பணியாளரின் அடிப்படைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இது எட்டவில்லை. ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பதவிப் பெயரை அரசு 2020இல் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றியது. நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. கூலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்க இவற்றால் முடியவில்லை.

சம்பளப் பட்டியலில் எங்கும் இடம்பெறாத ஒரு பிரிவும் உண்டு. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய மிதிவண்டி வியாபாரிகள் படுகையின் தெருக்களில் நெடுநாள் சுற்றினார்கள். அவர்கள் சேர்த்த உடைந்த பித்தளைக்குப் பக்கத்திலேயே தேவை இருந்தது: நாச்சியார்கோவிலின் குத்துவிளக்குப் பட்டறைகளும் கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறைகளும் பழைய உலோகத்தை உருக்கியே வார்த்தன. இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக்கும் அட்டையும் வந்துவிட்டன. தஞ்சையின் ஜெபமாலைபுரம் கிடங்கு, கும்பகோணத்தின் கரிக்குளம் கிடங்கு போன்ற இடங்களில் பல ஆண்டுகள் மலையாகச் சேர்ந்த குப்பையை இயந்திரத்தால் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்திருக்கிறது. சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் கோணியோடு பொறுக்குவோருக்குக் கிலோ கணக்கில் பழைய பொருள் கடைக்காரர் தருவதே வருமானம். விலை இறங்கினால் கூலியும் இறங்கும். அவர்களை அடையாளங்கண்டு பதிவுசெய்து, குப்பை பிரிக்கும் பணியில் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளைப் பணித்தன. அவர்களுக்கு எவ்வளவு கூலி தர வேண்டும் என்பதை அந்த விதிகள் சொல்லவில்லை.