பதினாறு வயதில் நிற்கும் படிப்பு: கல்வி உதவியின் வரலாறு கூறும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்கு மதிப்பெண் குறைவு ஒன்றே காரணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. பதினாறு வயதை எட்டிய பிள்ளை உழைத்துப் பொருளீட்டும் பருவத்தை அடைந்துவிட்டவன். அவன் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஏழை வீட்டிற்கு வந்திருக்க வேண்டிய ஒரு கூலி வராமல் போகிறது. பள்ளிக் கட்டணத்தை ஒருவர் கட்டிவிடலாம். புத்தகத்தை மற்றொருவர் வாங்கித் தரலாம். ஆயினும் அந்தக் கூலியின் இடம் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையே பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்துச் செல்கிறது.

சட்டமும் இவ்வயதில் கைகொடுப்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கே உரியது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 வயது நிறைந்தவர்களை அபாயமற்ற தொழில்களில் அமர்த்த இடமளிக்கிறது. ஆகவே, அதற்குப் பின் ஒரு பிள்ளை படிப்பதும் நிற்பதும் பெரும்பாலும் வீட்டு வருமானத்தைப் பொறுத்தே அமைகிறது. இந்தச் சிக்கலை முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர், அரசுகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூஃபா நகரில் ஒரு பணப்பை

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 113-இல் பிறந்தவர்கள். கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் பயின்று வந்த இளமைக் காலத்தில் கடும் வறுமையில் இருந்தார்கள். ஒருநாள் அவர்களின் தந்தை பாடசபைக்கே வந்து மகனை அழைத்துச் சென்றார். இமாம் அவர்களுக்கு உணவு தயாராக இருக்கிறது, நீயோ பிழைப்புத் தேட வேண்டியவன் என்பது அவர் கூறிய அறிவுரையின் கருத்து. தந்தையின் சொல்லை மதித்த மகன் பாடத்திற்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை வரலாற்று நூல்கள் விரிவாகவே பதிவு செய்துள்ளன. மாணவர் வராததை இமாம் அவர்கள் தாமே கவனித்து விசாரித்தார்கள். அவர் மீண்டும் வந்தபோது காரணத்தைக் கேட்டறிந்தார்கள். ஆனால் அச்சபையில் எதுவும் பேசவில்லை. மற்றவர்கள் எழுந்து சென்றபின் ஒரு பணப்பையைக் கொடுத்தார்கள். அதில் நூறு திர்ஹம் இருந்தது. பாடத்தை விடாமல் வரும்படியும், தீர்ந்தால் தெரிவிக்கும்படியும் கூறினார்கள். சில நாள்களில், மாணவர் வாய் திறவாமலே, இன்னொரு நூறு திர்ஹம் வந்தது. அவர் சொந்தக் காலில் நிற்கும் வரை இது தொடர்ந்தது. மற்றோர் அறிவிப்பில், பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்ப முயன்றவர் தாய் என்று காணப்படுகிறது. எவராயினும் அவர்களைக் குறை கூற இயலாது. அடுப்பு எரிய வேண்டுமே!

பட்டு வணிகரான அந்த ஆசிரியரின் பணத்தில் கற்ற மாணவரே, பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமை நீதிபதியாகி, அரசின் வரி நெறிகளைக் குறித்துக் ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலையும் இயற்றினார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று: மாணவர் வராத நாளை ஆசிரியர் கவனித்தார். இரண்டு: பிறர் அறியாமல் கொடுத்தார். மூன்று: கேட்கும்வரை காத்திராமல் தொடர்ந்து கொடுத்தார். இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மத்ரஸாவின் ரொட்டி

தனி ஒருவரின் ஈகை அவருடைய ஆயுளோடு முடிந்துவிடும். அதனை நிலைபெறச் செய்தது வக்ஃபு. ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலை நாம் பள்ளிவாசல்களில் வாசித்து வருகிறோம். அதன் ஆசிரியர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 649-இல், ஏறத்தாழ பத்தொன்பது வயதில், நவா என்னும் சிற்றூரிலிருந்து டமாஸ்கஸ் நகருக்குக் கல்வி தேடி வந்தார்கள். அங்கே ரவாஹிய்யா மத்ரஸாவில் தங்கினார்கள். இப்னு ரவாஹா என்ற வணிகர் நிறுவிய மத்ரஸா அது. அங்கே மாணவர்க்கு அளிக்கப்பட்ட உணவுப் படியே இமாம் அவர்களின் வாழ்வாதாரமாக இருந்தது. அந்த வணிகரின் அறக்கொடை ஒரு மாபெரும் மேதையின் பசியாற்றியது.

அந்த இமாம் அவர்களே ஜகாத் சட்டத்தை விளக்கும்போது நுட்பமான ஒரு கருத்தைக் கூறுகிறார்கள். உழைத்துச் சம்பாதிக்க வலிமையுள்ளவருக்கு ஜகாத் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவிதி. ஆனால், மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருப்பவர் பொருளீட்டச் சென்றால் அக்கல்வி தடைப்படும் என்ற நிலை இருக்குமாயின், அவருக்கு ஜகாத் ஆகுமானதே என்கிறார்கள். கற்பவர் இழக்கும் கூலியையும் ஒரு தேவையாக நம் ஃபிக்ஹு கணக்கில் எடுத்துக்கொண்டது என்பது இதனால் விளங்கும். அவர்கள் பேசியது மார்க்கக் கல்வியைக் குறித்தே. பிற கல்விக்கு உதவ ஸதகாவும் நன்கொடையும் தடையின்றித் திறந்தே இருக்கின்றன.

மாதம் இருபத்தைந்து ரூபாய்

இனி நம் நாட்டிற்கு வருவோம். டாக்டர் அம்பேத்கர் 1907-இல், தமது பதினாறாம் வயதில், மெட்ரிக் தேர்வில் வென்றார். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். இண்டர்மீடியட் வரை எப்படியோ படிக்க வைத்த தந்தையின் கை அதன்பின் வறண்டது. கிருஷ்ணாஜி கேலுஸ்கர் என்ற பெரியவர் அந்த இளைஞரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது, படிப்பு நிலைத்தது. 1913-இல் அதே மன்னரின் உதவியோடு அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

பெற்ற உதவியை அவர் மறக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்காக ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாயை ஒதுக்கச் செய்தார். 1944-இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, 1948-49-இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. கட்டணத்தோடு மாதந்தோறும் பராமரிப்புப் படி ஒன்றும் தருவதே இத்திட்டத்தின் சிறப்பு. பரோடா மன்னரின் 25 ரூபாய் தம் படிப்பைக் காத்ததை அறிந்தவரின் முயற்சியில் எழுந்த திட்டமல்லவா அது!

ஆனால் காலம் செல்லச் செல்ல அந்தப் படி தேய்ந்தது. 2003-ஆம் ஆண்டு நிலவரப்படி, வீட்டிலிருந்து வந்து பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மாதம் 140 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு! 2010-இல் அது 230 ரூபாயாக உயர்ந்தது. 2021-இல் வந்த புதிய நெறிமுறையில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று ஆயிற்று. எந்தக் கூலியை ஈடுசெய்யப் படி ஏற்பட்டதோ, அந்தக் கூலியோ பன்மடங்கு வளர்ந்துவிட்டது.

சச்சார் குழுவும் அதன் பின்னும்

முஸ்லிம்களின் நிலையை ஆராய 2005-இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ராஜேந்திர சச்சார் குழு, 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் நாடு முழுவதும் ஏறத்தாழ 7 விழுக்காடு. முஸ்லிம்களில் 4 விழுக்காட்டிற்கும் குறைவு என்பதை அது எடுத்துக்காட்டியது. 2007-இல் சிறுபான்மையினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பு முதல் ஆய்வுப் படிப்பு வரை உள்ளவர்களுக்கு அது உரியதாக இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்கு மிகாமலும், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் இருக்க வேண்டியிருந்தது. 30 விழுக்காடு மாணவியருக்கு என்பன அதன் நிபந்தனைகளாக இருந்தன.

இத்திட்டங்களுக்கு நேர்ந்த இழுக்கையும் மறைத்தல் முறையன்று. சிறுபான்மை உதவித்தொகைகளைக் குறித்து ஒன்றிய அமைச்சகம் ஆராய்ந்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை என்றும், ஐந்தாண்டுகளில் 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றும் 2023-இல் தெரியவந்து, விசாரணை சி.பி.ஐ. வசம் சென்றது. இடைத்தரகர்கள் உண்டது ஏழைப் பிள்ளையின் பங்கை. போலிச் சான்றிதழுக்குத் துணைபோவது இரட்டைப் பாவம் என்பதை நம் மக்கள் உணர வேண்டும்.

தமிழக அரசின் முயற்சிகளும் சிந்திக்கத் தக்கவை. 2011-12 முதல், அரசுப் பள்ளி மாணவர் இடையில் நிற்பதைத் தடுக்க, பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தலா 1,500 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2,000 ரூபாயும் அவர்கள் பெயரில் வைப்புத்தொகையாக இடப்பட்டன. நல்ல திட்டமே, ஆனால் படிப்பு முடிந்தபின் கைக்கு வரும் தொகை இந்த மாத அரிசிக்கு உதவாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமோ வேறு வழியில் சென்றது. 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியுதவி அளித்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதாக மாற்றப்பட்டது. 2024 ஆகஸ்டில் மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தது. எனினும் இவ்விரண்டும் உயர்கல்வியில் சேர்ந்தவர்க்கே. பத்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள இரண்டு ஆண்டுகளில்தான் பிள்ளைகளை நாம் இழக்கிறோம்.

நம் கடமை

அந்த இரண்டு ஆண்டுகளை நிரப்புவது நம் போன்ற ஜமாஅத்துகளால் இயலும். ஆண்டுக்கு ஒருமுறை விழா மேடையில், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, புகைப்படத்துடன் ஒரு தொகை வழங்குகிறோம். கொடுப்பவர்களின் நிய்யத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், சபை கலைந்தபின் பணப்பையைக் கொடுத்த இமாம் அவர்களின் முன்மாதிரி வேறாக அன்றோ இருக்கிறது! பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பசியை விட மானம் பெரிது. மேடை ஏற வெட்கி, உதவியே வேண்டாம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு.

ஆகவே நம் நிர்வாகப் பெருமக்களுக்கும் செல்வந்தர்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்த மஹல்லாப் பிள்ளைகள், ஆண், பெண் அனைவரின் பட்டியலையும் எடுத்து, அடுத்த வகுப்பில் சேராதவர் யார் என்பதை ஜூன், ஜூலை மாதங்களிலேயே வீடு தேடிச் சென்று கேட்டறிவோம். ஒருமுறை தரும் பெருந்தொகையைப் பகுத்து, மாதந்தோறும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் செலுத்துவோம்; பெறுபவரின் பெயர் குழுவுக்கு வெளியே செல்ல வேண்டாம். அரசு உதவித்தொகைக்கான வருமானச் சான்றும் விண்ணப்பமும் நிரப்பித் தர, படித்த இளைஞர்கள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்களாக. அரசு தருவதைப் பிள்ளை முறையாகப் பெறட்டும். அது போதாத இடத்தில் நம் கை நீளட்டும்.

கூஃபாவில் கொடுக்கப்பட்டது நூறு திர்ஹம். பம்பாயில் கொடுக்கப்பட்டது இருபத்தைந்து ரூபாய். இரண்டும் அரசாங்கக் கருவூலத்தை வற்றச் செய்யும் தொகைகள் அல்ல. உரிய வயதில், உரிய முறையில் வந்தமையால் அவை பலன் தந்தன. நம் மஹல்லாவிலும் ஒரு பிள்ளை இவ்வாண்டு அந்தப் பணப்பைக்காகக் காத்திருக்கக் கூடும்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நற்செயல் புரியும் வாய்ப்பை நல்குவானாக! ஆமீன்.