புள்ளித் திட்டமும் பாடநூலும்

துணுக்காயில் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளை நுண்கணிதத்தில் தடக்குப்பட்டால் ஊரில் கிடைக்கும் முதல் ஆலோசனை, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் ரியூசன் எடு என்பதுதான். மாங்குளம் வரை வந்து ஏ-9 வீதியில் பஸ் பிடிக்க நேரமும் காசும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்காக, வீட்டிலிருந்தபடியே எடுத்துப் படிக்கக்கூடிய இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பரீட்சைத் திணைக்களத்தின் இணைந்த கணிதக் கடந்தகால வினாத்தாளும் அதன் புள்ளித் திட்டமும். மற்றது, தமிழ்நாட்டு அரசு 2018இலும் 2019இலும் புதுக்கி வெளியிட்ட பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள். இரண்டும் தமிழில் உள்ளன; இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

வினாத்தாள் கற்பிப்பதில்லை, இடம் காட்டுகிறது. முதலாம் வினாத்தாளில் பகுதி ஏ-யின் 5ஆம், 6ஆம், 7ஆம் வினாக்களும் பகுதி பி-யின் 14ஆம், 15ஆம் வினாக்களும் அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் நுண்கணிதத்துக்கே போகின்றன. சிறுவினாவுக்கு 25, பெருவினாவுக்கு 150 எனக் கணக்கிட்டால் 1000இல் 375 புள்ளிகள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியற் பீடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளை ஒதுக்கிவிடக்கூடிய பங்கல்ல இது.

பாடநூலோ இடம் காட்டுவதில்லை, நடத்திக்கொண்டு போகிறது. எல்லையில் தொடங்கி, தொடர்ச்சி, வகையிடும் முறைகள், தொகையிடல் என்று பதினோராம் வகுப்பில் மூன்று அத்தியாயங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பயன்பாடுகளும் வகைக்கெழுச் சமன்பாடுகளுமாக இன்னும் நான்கு. இலங்கைப் பாடத்திட்டத்தில் இல்லாத பலவும் இதற்குள் வரும். ரோலின் தேற்றம், டெய்லர் தொடர், பகுதி வகைக்கெழு ஆகியவற்றை நம் பிள்ளை துணிந்து தாண்டிப் போகலாம்.

இரண்டும் சந்திக்கும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். பூச்சியத்திலிருந்து ஏ வரையான தொகையீட்டில் எக்ஸ் இருக்குமிடத்தில் ஏ கழித்தல் எக்ஸ் என்று இட்டாலும் பெறுமானம் மாறாது. பாடநூலில் இது வரையறுத்த தொகையின் பண்புகளுள் ஒன்று. நிறுவலும் வரிசையாக எடுத்துக்காட்டுகளும் பின்னால் வரும். வினாத்தாளில் இதே பண்பு 15ஆம் வினாவில் ‘காட்டுக’ என்ற ஒற்றைச் சொல்லோடு வந்து, ‘இதிலிருந்து’ என்ற அடுத்த சொல்லில் பிள்ளையை ஒரு கடினமான திரிகோண கணிதத் தொகையீட்டின் முன் நிறுத்திவிடும். பாடநூல் பண்பைத் தருகிறது. அது எப்போது கைகொடுக்கும் என்பதை வினாத்தாள் தருகிறது. முந்தையதை மட்டும் படித்தவருக்குப் பரீட்சை மண்டபத்தில் பண்பு நினைவில் இருக்கும், ஆனால் அழைத்தால் வராது. பிந்தையதை மட்டும் பயின்றவருக்குப் பழகிய உருவில் வந்தால் வரும், கொஞ்சம் மாறினால் அடையாளம் தெரியாது.

இனி எதிர்பாராத விடயம். கறாரானது என்று நாம் நினைக்கும் புள்ளித் திட்டம் உள்ளே தாராளமானது. ஒவ்வொரு படிக்கும் ஐந்து ஐந்தாகப் புள்ளி பிரித்து வைத்திருப்பதால், இறுதி விடை பிழைத்தாலும் சரியான பிரதியீட்டைத் தேர்ந்ததற்கும் எல்லைகளை மாற்றி எழுதியதற்கும் பலன் உண்டு. ஆறுதலாகக் கற்பிக்கும் என்று நாம் நம்பும் பாடநூலோ உள்ளுக்குள் பரீட்சைக்காரன். தமிழ்நாட்டின் 90 புள்ளித் தேர்வில் 20 புள்ளிக்கு ஒரு புள்ளி வினாக்கள் வரும் என்பதால் அத்தியாயம்தோறும் கடைசியில் தெரிவு வினாக்கள் காத்திருக்கின்றன. இணைந்த கணிதத்தில் தெரிவு வினாவே கிடையாது. அந்தப் பக்கங்கள் நமக்குப் பொழுதுபோக்கு.

குறுக்கு வழிகளில்தான் உண்மையான உரசல். பன்னிரண்டாம் வகுப்பு நூல் லோபிதாலின் விதியைச் சொல்லித் தருகிறது. எல்லைக் கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும். 5ஆம் வினாவின் புள்ளித் திட்டம் எதிர்பார்ப்பதோ இணையினால் பெருக்கி, சைன் எக்ஸின் கீழ் எக்ஸ் என்ற பழக்கமான எல்லைக்குக் கொண்டுவரும் படிகளை. அந்த விதி நம் பாடத்திட்டத்தில் இல்லை. விடையைச் சரிபார்க்க அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம், விடைத்தாளில் எழுத வேண்டாம். பகுதிகளாகத் தொகையிடுவதைச் சுருக்கும் பெர்னோலி சூத்திரத்துக்கும் இதே எச்சரிக்கை.

சொற்களும் காலை வாரும். நாம் பெறுதி என்பதை அவர்கள் வகைக்கெழு என்கிறார்கள். நம் அணுகுகோடு அங்கே தொலைத்தொடுகோடு. இவை பழகிவிடும். நமக்கு ஒரு முழுப் பாடப்பகுதியின் பெயரான வகையீடு, பன்னிரண்டாம் வகுப்பு நூலில் வேறொரு கருத்துக்குப் பெயராக நிற்பதுதான் பிள்ளையை நீண்ட நேரம் அலைக்கழிக்கும்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடியில் ஓர் உறவு இருக்கிறது: இரண்டுமே இந்தப் பிள்ளைக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒன்று விடைத்தாள் திருத்துபவர்களுக்கானது, மற்றது கடலுக்கு அப்பாலுள்ள வகுப்பறைகளுக்கானது. ஆகவே இரண்டையும் எழுதியவர் நினைத்த விதத்தில் அல்லாமல், தன் தேவைக்கேற்பத் திருப்பித்தான் படிக்கவேண்டும். புள்ளித் திட்டத்தில் அடுத்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த ஐந்து புள்ளி எதற்காக என்று கேட்டு முதலில் தானே எழுதிப் பார்க்கலாம். பாடநூலில் பயிற்சிக் கணக்குகளை விட்டுவிட்டு, தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளை மட்டும் கொப்பியில் மீண்டும் செய்து பார்க்கலாம்.

எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், என் தெரிவு பகுதிக்குப் பகுதி மாறும். எல்லைக்கும் பெறுதிக்கும் பாடநூல் முதலில், ஏனெனில் அங்கே குறைவது விளக்கம். தொகையீட்டுக்குப் புள்ளித் திட்டம் முதலில், ஏனெனில் அங்கே குறைவது எந்த முறையை எடுப்பது என்ற கண். 14ஆம் வினாவின் உயர்வு, இழிவுக் கணக்குக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும். படத்திலிருந்து சார்பை அமைக்கப் பாடநூலும், அமைத்ததைப் புள்ளியாக்கத் திட்டமும்.

துணுக்காய் வலயத்துக் கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரு நாட்டுக் கலைச்சொற்களை எதிரெதிரே எழுதி, தாண்டவேண்டிய அத்தியாயங்களையும் குறித்து ஒரே ஒரு தாள் தயாரித்துப் பாடசாலை நூலகங்களில் வையுங்கள்.