புளியும் நவச்சாரமும்: தாமிரபரணிப் பகுதிப் பித்தளைத் துலக்கலும் தோட்டா உறை விரிசலும்

ஆய்வுச் சுருக்கம்

பித்தளைக் கலங்களைப் புளியிட்டுத் துலக்குவது சமையலறைப் பழக்கமாகவே கருதப்படுவதால் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. பிரித்தானிய இந்தியப் படையின் தோட்டா உறைகளுக்கு நேர்ந்த விரிசலோடு அப்பழக்கத்தை ஒப்பிடும் இக்கட்டுரை, துலக்கலைப் பளபளப்பால் அன்றி உலோகத்தில் எஞ்சும் உறுதியால் மதிப்பிட வேண்டும் என்கிறது.

திறவுச்சொற்கள்: பித்தளை, புளி, நவச்சாரம், ஈயம் பூசுதல், தோட்டா உறை

முன்னுரை

தாமிரபரணிக் கரையில் செம்புக் கலவைகளின் வரலாறு நெடியது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வுகளில் வெண்கலக் கலங்கள் கிடைத்தன. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது; பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. பின்னதே இங்கு ஆய்வுப்பொருள்.

புளித் துலக்கல்

திருநெல்வேலி வட்டார வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்குவர். சாம்பலின் காரம் எண்ணெய்ப் பசையை நீக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். அமிலம் மென்மையானது, தொடர்பு சில நிமிடங்களே, உடனே நீரால் கழுவிவிடுவர். அதே அமிலம் உணவில் நெடுநேரம் தங்கினால் செம்பைக் கரைத்துவிடும். கலத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவது இதனாலேயே. புறத்தே மருந்தாவது அகத்தே நஞ்சாகும் என்ற வேறுபாட்டை இவ்விரு வழக்கங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

தோட்டா உறையின் விரிசல்

தோட்டா உறைக்கான பித்தளை 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்டது. குளிர்நிலையில் இழுத்து வடிக்கப்படுவதால் அதனுள் தகைவு எஞ்சி நிற்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை அடுத்து வைக்கப்பட்ட தோட்டாக்களின் உறைகள் சுடப்படாமலே விரிசல் கண்டன. பருவத்தை ஒட்டி நேர்ந்ததால் இது 'பருவ விரிசல்' எனப்பட்டது. ஈரக்காற்றில் கலந்த அம்மோனியாவும் உட்தகைவும் கூடியதே காரணம் என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. உறையை மிதமாகச் சூடேற்றித் தகைவைத் தணிப்பது தீர்வாயிற்று.

சுட்ட உறைகளை மீண்டும் நிரப்பும் வழக்கமுள்ள நாடுகளில் இவ்வறிவு இன்றும் பயன்படுகிறது. கரியையும் கறையையும் நீக்க நீர்த்த எலுமிச்சை அமிலத்தையோ, சுழலும் உருளையில் இட்ட வாதுமை ஓட்டுத் துகளையோ பயன்படுத்துவோர் அம்மோனியா கலந்த மெருகுநீரைத் தவிர்க்கின்றனர். அமிலத்திலும் மிகையாக ஊறினால் உறை செந்நிறம் கொள்ளும்.

நவச்சாரம் எழுப்பும் வினா

ஈயம் பூசுவோர் கலத்தைச் சூடேற்றி நவச்சாரம் தூவித் தேய்ப்பர். அம்மோனியம் குளோரைடாகிய நவச்சாரம் வெப்பத்தில் அம்மோனியாவை வெளிவிடும். ஆயின் கலம் வெடிப்பதில்லை. அம்மோனியாவின் தொடர்பு குறுகியது, ஈரம் இல்லை, வெள்ளீயம் உருகும் 232 பாகை செல்சியசுக்கு மேல் செல்லும் வெப்பம் தகைவை ஓரளவு தணித்திருக்கவும் கூடும். எனினும் சூடு சில நிமிடங்களே நீடிப்பதால், இதனைத் தொழிற்சாலை முறைக்கு நிகராகக் கொள்ளலாகாது.

முடிவுரை

புளி, சாம்பல், நவச்சாரம் ஆகியவற்றின் பயன்பாடு அளவும் நேரமும் அறிந்த கைத்திறனாகும். இன்று வீட்டிலும் கோயிலிலும் புளிக்கு மாற்றாக மெருகுநீர் நுழையும்போது அதிலுள்ள சேர்மம் யாதென வினவுதல் வேண்டும். பித்தளையின் விரிசல் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஈயம் பூசும் தொழிலாளர் அருகிவரும் இந்நாளில், அவர்தம் செய்முறையை அளவீடுகளுடன் பதிவுசெய்வது உலோகவியல் வரலாற்றுக்கும் கலப் பாதுகாப்புக்கும் ஒருங்கே துணைசெய்யும்.