வெறுங்கையோடு அழைக்கலாகாது

மலைச்சரிவில் தொலைவில் மேய்ந்துகொண்டிருக்கும் பசு, மேய்ப்பனின் குரல் கேட்டதும் தலை நிமிர்கிறது. பசும்புல்லை விட்டுவிட்டு அவனை நோக்கி நடந்து வருகிறது. கயிறில்லை, கோலில்லை. குரல் ஒன்றே அதனை இழுத்து வருகிறது. அக்குரலுக்கு இத்தகைய ஆற்றல் எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்ஸ் மலைமக்களின் வரலாற்றைப் புரட்டினால் இக்கேள்விக்கு விடை கிடைக்கிறது.

அம்மக்கள் கோடை தொடங்கியதும் தம் மாடுகளைப் பள்ளத்தாக்கிலிருந்து உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்வர். இலையுதிர் காலத்தில் மீண்டும் கீழே இறக்குவர். இடைப்பட்ட மாதங்களில் மாடுகள் பரந்து மேயும். காலையிலும் மாலையிலும் பால் கறக்க அவற்றை மலைக்குடிலுக்குக் கொண்டுவர வேண்டும். பாறையும் பள்ளமும் நிறைந்த இடத்தில் ஒவ்வொரு மாட்டையும் தேடிப்பிடித்து ஓட்டிவருவது பெரும்பாடு. ஆதலால், அழைத்தால் வருமாறு அவற்றைப் பழக்கினர்.

பழக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. ஒரே குரல், ஒரே சொல், ஒரே வேளை. வந்த மாட்டுக்கு உள்ளங்கையில் உப்போ, உப்புக் கலந்த தவிடோ கிடைக்கும். புல்லில் உப்புச் சத்து குறைவு என்பதால் மாடு உப்பை விரும்பி நாடும். பால் சுரந்து கனத்த மடிக்குக் கறவையும் ஆறுதலே. நாளடைவில் அதன் நினைவில் குரலும் உப்பும் ஒன்றாகிவிடுகின்றன. மூத்த பசு முன்னே வர, மற்றவை பின்தொடர்கின்றன; கன்றுகள் தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. அழைத்துவிட்டு அடித்தாலும், பலமுறை அழைத்து ஏமாற்றினாலும் பழக்கம் கெட்டுவிடும். மாடு எளிதில் மறப்பதில்லை.

இந்த அழைப்பே காலப்போக்கில் பாடலாயிற்று. ஜெர்மானிய இசை வெளியீட்டாளர் கியோர்க் ராவ் 1545ஆம் ஆண்டு அச்சிட்ட இசைத் தொகுப்பிலேயே அப்பென்செல் பகுதியின் பசு அழைப்புப் பாடல் இடம்பெற்றுள்ளது. 'லோபே' என்னும் சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பசுவைக் குறிக்கும் பழைய மலைநாட்டுச் சொல் அது என்பர்.

மலைநாட்டில் அன்று வறுமை மிகுதி. இளைஞர் பலர் கூலிப்படை வீரராக அயல்நாட்டு மன்னர்களிடம் பணிக்குச் சென்றனர். திருத்தந்தையின் சுவிஸ் காவற்படை 1506ஆம் ஆண்டு உரோமை வந்து சேர்ந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. வெளிநாட்டில் வாழ்ந்தோரை வாட்டிய ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகக் கொண்டு, யோகானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் ஆய்வுரை எழுதினார். கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்கு 'நோஸ்டால்ஜியா' என்று பெயரிட்டவர் அவரே. 1710இல் அந்த ஆய்வுரை விரிவாக்கப்பட்டு மறுபடி வெளிவந்தபோது, பசு அழைப்புப் பாடலைக் கேட்டாலே வீரர்களுக்கு இந்நோய் மூளும் என்ற செய்தியும் சேர்க்கப்பட்டது.

இப்பாடலைச் சுவிஸ் படையினரிடையே இசைப்போருக்கு மரண தண்டனை என விதிக்கப்பட்டிருந்ததாக, 1768இல் வெளியான தம் இசை அகராதியில் ரூசோ எழுதினார். கேட்டவர்கள் கண்ணீர் வடித்தனர், படையை விட்டு ஓடினர், ஏங்கி மாண்டனர் என்கிறார். ஆனால், அந்த ஆற்றல் இசையில் இல்லை என்றும் அவரே கூறுகிறார். வேற்று நாட்டவர் கேட்டால் ஒன்றும் நேராது. இளமையும் வீடும் பழைய வாழ்வும் அந்த மெட்டோடு பின்னிக் கிடந்ததால்தான் அது அவர்கள் நெஞ்சைத் தைத்தது. மாட்டுக்கு உப்பு எப்படியோ, வீரனுக்கு அந்நினைவுகள் அப்படி. பின்னாளில் பாடல் மாறவில்லை. ஆயினும் மக்கள் தம் பழைய எளிமையில் நாட்டம் இழந்ததால், அதைக் கேட்டும் அவர்கள் நெஞ்சம் அசையவில்லை என்று ரூசோ வருந்துகிறார்.

கத்தோலிக்கர் வாழும் மலைப்பகுதிகளில் இன்னுமோர் அழைப்பு உண்டு. மாலை மங்கும் வேளையில் மேய்ப்பர் பால் வடிகட்டும் மரப்புனலை வாயருகே பிடித்து, மலைகள் எதிரொலிக்க இறைவனையும் அன்னை மரியாவையும் புனிதர்களையும் கூவி அழைத்து மன்றாடுவார். குரல் எட்டும் தொலைவுவரை மனிதரும் மாடுகளும் இறைக்காவலில் இருப்பர் என்பது மரபு. அம்மன்றாட்டிலும் 'லோபே' ஒலிக்கும். ஜெர்மன் மொழியில் 'லோபன்' என்றால் புகழ்தல். பகலெல்லாம் பசுவை அழைத்த சொல், மாலையில் இறைபுகழாகிறது!

பிரெஞ்சு பேசும் ஃபிரிபூர்க் பகுதியின் அழைப்புப் பாடலைப் பாடகர் குழுவுக்கேற்ப அமைத்துத் தந்தவர் யோசேப் போவே (1879-1951) என்னும் குருவானவர். ஆல்ப்ஸ் மலை மேய்ச்சல் மரபினை யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பாடல் காக்கப்பட்டுவிட்டது, மகிழ்ச்சியே. ஆனால், உப்பு?

அழைப்போர் நம்மிலும் பலர். பெற்றோர் பிள்ளைகளை அழைக்கிறோம். ஆசிரியர் மாணவரை அழைக்கிறோம். குருக்களாகிய நாமோ மணியடித்து மக்களை அழைக்கிறோம். வராதவர்களைக் கடிந்துகொள்வது எளிது. "கேட்கும் செவி இவர்களுக்கு இல்லையே" என நாமும் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறோம். சென்ற முறை நம் குரல் கேட்டு நம்பி வந்தவர்க்கு நம் கையில் என்ன இருந்தது? கனிவா, கடுஞ்சொல்லா, அல்லது ஒன்றுமே இல்லையா? குரலை உயர்த்துமுன் நம் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்ப்போம்.