தளர்ந்த மூட்டின் வரலாறு

ஜப்பானின் 'கன்டம்' ரோபோ பிளாஸ்டிக் மாதிரிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டுகளையே வரலாறாகக் கொள்கின்றனர்: 1980, 1990, 1995, 2010. வரிசை பிழையன்று, ஆனால் அது நிறுவனத்தின் பட்டியல். வாங்கியவர் மேசைமீது அந்த ரோபோ சில ஆண்டுகள் நின்றபின் என்ன ஆயிற்று என்பதை அது சொல்லாது. நேர்ந்தது பெரும்பாலும் இதுதான்: மூட்டு தளர்ந்தது, துப்பாக்கி ஏந்திய கை தாழ்ந்தது.

1979 ஏப்ரலில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், புரவலரான குளோவர் நிறுவனத்தின் பொம்மைகள் விற்காமையால் 43 பகுதிகளோடு முடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் 144இல் ஒரு பங்கு அளவிலான முதல் மாதிரியை 300 யென்னுக்கு விற்றது. அதைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். அசையும் மூட்டில் பாலிஸ்டைரின்மீது பாலிஸ்டைரினே உரசும். கடினமான இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கும்.

எண்பதுகளின் நடுவில் பரவிய 'பாலிகேப்' இதற்கு விடையாயிற்று. மென்மையான பாலிஎத்திலீன் கிண்ணம் கடினமான பந்தைக் கவ்விப் பிடிக்கும். 1990இன் 'ஹை கிரேட்' பசையின்றிப் பொருத்தும் முறையோடு வந்தது. இங்குதான் என் வாதம் தொடங்குகிறது. பசை விலகிய அளவுக்கு உருவத்தின் நிலைப்பு முழுவதும் உராய்வின்மேல் ஏறியது. உராய்வோ பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைவது. 2010இன் 'ரியல் கிரேட்' எலும்புக்கூடு அச்சிலிருந்தே அசையும் மூட்டுகளோடு வெளிவந்தது. பொறியியல் வியப்புதான், ஆயினும் அதன் தளர்ச்சி ஆர்வலரிடையே பேர்பெற்றது. கடந்த பத்தாண்டில் வந்த பல தொகுப்புகளில் பாலிகேப்பே இல்லை.

இதற்கிடையே பயனர்கள் தமக்கென ஒரு தொழில்நுட்பத்தை வளர்த்தனர். பந்தின்மேல் சயனோஅக்ரிலேட் பசையை மெல்லிய படலமாகப் பூசி, முற்றிலும் உலர்ந்தபின் கிண்ணத்தில் செருகுவது அவற்றுள் முதன்மையானது. ஈரத்தோடு செருகினால் இறுகிவிடும் இடர் உண்டு. இப்பசை பாலிஸ்டைரினைப் பற்றும், பாலிஎத்திலீனை எளிதில் பற்றாது. ஆகவே பந்து பருக்கும், கிண்ணம் ஒட்டாது. ஒட்டாமையை உற்பத்தியாளர் அசைவுக்காகத் தேர்ந்தார். பயனர் அதையே பழுதுநீக்கத்துக்குப் பயன்படுத்தினார். சிலர் தளர்ந்த முளையில் குழாய்க்காரர் சுற்றும் டெஃப்ளான் நாடாவைச் சுற்றினர். ஏபிஎஸ் மூட்டில் வண்ணம் பூச முனைந்தவர்கள், இறுக்கத்திலிருக்கும் அப்பிளாஸ்டிக்கைக் கரைப்பான் வெடிக்கச் செய்யும் என்பதை உடைந்த முழங்கால்களின் வழியே கற்றனர்.

டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட நூலில், தொழில்நுட்ப வரலாறு புதுமையைவிடப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் நோக்க வேண்டும் என வாதிட்டார். அவ்வாதத்துக்குப் பேரியந்திரங்களையே சான்றாகத் தேடுகிறோம். (ஆய்வேட்டுத் தலைப்பில் 'பொம்மை' என்ற சொல் வந்தால் புருவங்கள் உயர்வதும் ஒரு காரணம்.) ஆனால் உற்பத்தியாளரின் தெரிவும் பயனரின் திருத்தமும் ஒரே மூட்டில், சில மில்லிமீட்டருக்குள் அடுத்தடுத்துப் படிந்திருக்கும் பொருள்கள் அரிது.

எனவே ஒரு நடைமுறைக் கோரிக்கை. பழைய தொகுப்பு ஒன்று அருங்காட்சியகத்துக்கோ தனியார் ஆவணத்துக்கோ வரும்போது, பந்தின்மீதுள்ள பசைப்படலத்தைச் சேதமெனக் கருதிச் சுரண்டி அகற்ற வேண்டாம். எந்த மூட்டில், எப்பொருளால், ஏறத்தாழ எப்போது இறுக்கப்பட்டது என்பதை உரிமையாளரிடம் கேட்டுப் பட்டியலில் பதியுங்கள். பெட்டியின்மேல் அச்சான ஆண்டை எவரும் பின்னர்க் கண்டறியலாம். இதை அவரிடம் மட்டுமே கேட்க முடியும்.